குந்தவை என்று பெயரிடுமுன்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதும் மடல்.

பெண்குழந்தைக்குக் குந்தவை என்று பெயர் சூட்ட எண்ணும் பெற்றோர், அந்தப் பெயரைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தின் வழியாகவோ அதன் திரைவடிவத்தின் வழியாகவோ மட்டும் அறிந்திருந்தால், அது கல்வெட்டுகளில் எங்கெங்கே, யார் யாரைக் குறித்து வருகிறது என்பதையும் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. புதினம் அப்பெயரை ஒரே ஓர் இளவரசிக்கு உரியதாக வாசகர் மனத்தில் பதித்துவிட்டது. கற்களோ ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக் காலத்தில் அப்பெயர் பூண்ட அரசகுலப் பெண்கள் ஐவரையேனும் காட்டுகின்றன.

அவர்களுள் காலத்தால் முற்பட்டவள் சோழர் குலத்தவள் அல்லள். வேலூரை அடுத்த திருவல்லத்துக் கோயிற் கல்வெட்டில் குந்தவ்வை என்னும் அரசி குறிக்கப்படுகிறாள். இவள் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியின் மகள், வாணர் குல மன்னனின் தேவி. கங்கர் என்போர் இன்றைய கருநாடகத்தின் தென்பகுதியை ஆண்டவர்கள். வாணர் என்போர் பாலாற்றுப் பகுதியில் அவர்களுக்கு அண்டை அரசர்கள். பல்லவன் அபராசிதன் பக்கம் நின்று, 880ஆம் ஆண்டையொட்டித் திருப்புறம்பியத்தில் போரிட்டு உயிர்நீத்த அதே பிருதிவீபதிதான் இவளுடைய தந்தை. ஆகவே சோழப் பேரரசு தலையெடுக்கும் முன்பே, தமிழும் கன்னடமும் கலந்து வழங்கிய நிலப்பரப்பில் இப்பெயர் வழக்கில் இருந்தது என்பது உறுதி.

பெயரின் அமைப்பும் அந்த நிலத்தோடு பொருந்தி வருகிறது. ‘குந்தவ்வை’ என்ற பழைய வடிவத்தைப் பிரித்தால் இறுதியில் நிற்பது ‘அவ்வை’. தாய், மூத்த பெண்மணி என்னும் பொருளில் தமிழில் வழங்கும் இச்சொல், கன்னடத்தில் அவ்வெ, அப்பெ என்னும் வடிவங்களில் பெண்பெயர்களின் ஈறாக நிற்பதும், தெலுங்கில் அவ்வ என்று பாட்டியைக் குறிப்பதும் அறிஞர் அறிந்தவை. முற்பகுதியாகிய ‘குந்த’ என்பதற்கு ஈட்டி என்றும் மல்லிகையின் ஒருவகை என்றும் இரு பொருள் கூற அகராதி இடம் தருகிறது. இவற்றுள் எது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. பெயர் சூட்டுவோருக்கென்று அச்சிடப்படும் கையேடுகள் இத்தகைய இடங்களில் தயக்கமின்றி ஓர் இனிய பொருளைப் புனைந்து எழுதிவிடுகின்றன. குழந்தை வளர்ந்து தன் பெயரின் பொருளைக் கேட்கும்போது, அவ்வை என்பது மூத்தோரைக் குறிக்கும் மதிப்புச் சொல் என்றும் முன்பகுதி முடிவாக விளங்கவில்லை என்றும் உள்ளபடி சொல்லிவிடலாம். உண்மையான ஐயம் பொய்யான அழகுரையை விட மேலானது.

சோழர் மனைக்குள் இப்பெயர் நுழைந்தது சோழ மன்னன் அரிஞ்சயனின் காலத்தில். அவனுடைய தேவியருள் ஒருத்தி வீமன் குந்தவை என்று கல்வெட்டில் குறிக்கப்படுகிறாள். முன்னே நிற்கும் வீமன் என்பது அவள் தந்தையின் பெயர். அவன் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய வீமனாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. தந்தை பெயரை முன்னே நிறுத்தி மகளின் பெயரைச் சொல்லும் இம்முறை, இன்று இனிஷியலாகச் சுருங்கிவிட்ட வழக்கத்தின் முழுமையான பழைய வடிவம் ஆகும்.

அரிஞ்சயனின் மகன் இரண்டாம் பராந்தகன், அதாவது சுந்தர சோழன், தன் மகளுக்கு அதே பெயரை இட்டான். முதலாம் இராசராசனின் தமக்கையாகிய இவளே எல்லோரும் அறிந்த குந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு இவளை இராசராசதேவரின் திருத்தமக்கையார் என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்றும், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் என்றும் அடுக்கிச் சொல்கிறது. ஆழ்வார் என்ற சொல் இங்கே வைணவ அடியாரைக் குறிப்பதன்று. அரசகுலத்துப் பெரியோர்க்கு அன்று வழங்கிய மதிப்புரை. வந்தியத்தேவன் இவளுடைய கணவன் என்ற செய்தி கற்பனையன்று, இந்த ஒரு தொடரில் கல்லிலேயே நிற்பது. அவர்களுடைய காதலின் கதைதான் கல்கியின் ஆக்கம்.

இவள் செய்த கொடைகளைப் படிப்பவர்க்குப் பெயரின் பெருமை தானாகவே விளங்கும். பெரிய கோயிலுக்கு இவள் எழுந்தருளுவித்த திருமேனிகளில் உமாபரமேசுவரியின் படிமங்கள் உண்டு. அவற்றோடு பொன்மாளிகைத் துஞ்சின தேவர், அதாவது பொன்மாளிகையில் உயிர்நீத்த அரசர், எனப்பட்ட தன் தந்தையின் படிமத்தையும் தாயின் படிமத்தையும் இவள் வைத்தாள். கொடுத்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும் மணிகள் ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டு, அளவு ஒவ்வொன்றும் கல்லில் பதிவாயிற்று. காசுகள் ஊர்ச் சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் வரும் வட்டியால் அமுதுபடி முதலியவை நடக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் இட்ட ஆணையில், தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாக வைத்துச் சொல்வது அக்கன் கொடுத்ததைத்தான்; தேவியர் கொடுத்தவை அதற்குப் பின்னரே வருகின்றன. இந்த வரிசைமுறை ஒரு தம்பி தன் தமக்கைக்குச் செய்த மரியாதை என்பதில் ஐயமில்லை, சோழர் வரலாற்றில் இதைப் போல நெஞ்சைத் தொடும் செய்தி அரிது.

தஞ்சைக்கு வெளியேயும் இவளுடைய பெயர் நிற்கிறது. அன்று இராசராசபுரம் எனப்பட்ட, திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் இவள் சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரமும், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரமும், சமணர்க்குக் குந்தவை ஜினாலயமும் எடுப்பித்தாள். விண்ணகரம் என்பது திருமால் கோயில். ஜினாலயம் என்பது அருகன் கோயில். போளூரை அடுத்த திருமலையிலும் குந்தவை ஜினாலயம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தந்தையின் பெயரால் அமைந்த சுந்தரசோழ விண்ணகரத்து ஆதுலர் சாலைக்கு, அதாவது நோயாளர்க்கான மருத்துவச் சாலைக்கு, இவள் நிலம் அளித்தாள். மூன்று சமயத்தார்க்கும் கோயிலும் நோயாளர்க்கு மருத்துவமும் தந்த ஒரு பெண்ணின் பெயரைக் குழந்தைக்கு இடுவது வெறும் அழகுக்காகச் செய்யும் செயலாக ஒருபோதும் ஆகாது.

தமக்கையின் பெயரை இராசராசன் தன் மகளுக்கு இட்டான். அவள் வேங்கி மன்னன் விமலாதித்தனை மணந்து கோதாவரிக் கரைக்குச் சென்றாள். அவளுடைய மகன் இராசராச நரேந்திரன் தன் மகளுக்குப் பாட்டி பெயராகிய குந்தவையையே சூட்டினான். அந்த நரேந்திரனின் மகனே முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணை ஏறியவன். அவன் தங்கை குந்தவை தில்லைக் கோயிலுக்குப் பொற்கலம் முதலியன வழங்கிய செய்தி 1114ஆம் ஆண்டையொட்டிய சிதம்பரக் கல்வெட்டில் உள்ளது. வேங்கியிலிருந்து வந்த பெயராகவே அதைக் கொண்டால், சோழ நாட்டுக்கு வந்து, மகள் வழியே வேங்கிக்குத் திரும்பி, பேரன் வழியே மீண்டும் காவிரிக்கு வந்து சேர்ந்தது அது. ஆண்களின் வெற்றிகளை மெய்க்கீர்த்திகள் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு அரசகுலங்களின் உறவைத் தாங்கி நின்றது இந்தப் பெண்பெயர்.

அதன் பின்னர் நெடுங்காலம் இப்பெயர் மக்கள் வழக்கில் மங்கிப்போயிற்று. பெரிய கோயிற் கல்வெட்டுகளை ஹுல்ச் என்னும் செருமானிய அறிஞர் 1890களில் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பதிப்பித்தபோது அது அறிஞர் மேசைக்கு வந்தது. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் சோழர் வரலாற்றை எழுதியபோது மாணவரிடம் வந்தது. 1950இல் தொடங்கிய கல்கியின் தொடர்கதை, மணியத்தின் ஓவியங்களோடு, அதை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு படங்கள் வெளிவந்தபின் அறியாதவர் இல்லை என்னும் நிலை வந்துவிட்டது. ஆயினும் அதே கதையின் வானதியும் பூங்குழலியும் பெண்குழந்தைகளின் பெயராகப் பரவிய அளவுக்குக் குந்தவை பரவவில்லை. இளைய பிராட்டியாகக் கல்கி படைத்தவள் அரசியல் சூழ்ச்சிகளை எடைபோடும் பெண் என்பதால், அப்பெயர் கொஞ்சுவதற்கு எளிதாக இல்லாமல் கனத்து ஒலிப்பது ஒரு காரணமாகலாம்.

மற்றொரு காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுவதே பெரியோர்க்கு அழகு. குந்து என்பது பேச்சுத் தமிழில் உட்காரச் சொல்லும் சொல்; பள்ளிப் பிள்ளைகள் பெயரின் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு கேலி பேசக்கூடும். அதற்கு அஞ்சிப் பெயரையே கைவிட வேண்டியதில்லை, மகளே. வீட்டிலிருப்போர் யாரும் அதைச் சுருக்காமல், தொட்டிலில் இட்ட நாள் முதல் குந்தவை என்று முழுமையாகவே அழைத்து வந்தால், குழந்தையும் அதை முழுமையாகவே சொல்லப் பழகிவிடும். செல்லப்பெயர் வேண்டுமெனில் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். எண்கணிதம் பார்ப்பவர் சொற்கேட்டு ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவதும் குறைப்பதும் அறவே கூடாது. அவ்வாறு செய்தால் பள்ளிச் சான்று ஒரு விதமாகவும் ஆதார் அட்டை வேறு விதமாகவும் கடவுச்சீட்டு மூன்றாம் விதமாகவும் நின்று, பிற்காலத்தில் அந்தப் பெண்ணையே அலுவலகந்தோறும் அலையவைக்கும். பிறப்பைப் பெயரின்றிப் பதிவு செய்திருந்தாலும், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கெடு முடியுமுன், தமிழில் குந்தவை என்றும், ஆங்கிலத்தில் எக்காலத்தும் மாறாத ஒரே எழுத்துக்கூட்டலிலும் பதிவு செய்துவிடுக.