முகம் காணாப் பேச்சு

நுழையும் முன்

நேரில் பேசும்போது நம் முகமும் கைகளும் சொற்களுக்குத் துணை நிற்கின்றன. புன்னகை ஒரு கடுஞ்சொல்லைத் தணிக்கும். தலையசைப்பு ஓர் ஐயத்தை நீக்கும். தொலைபேசியிலோ குரல் மட்டுமே செல்கிறது. மின்னஞ்சலில் அக்குரலும் இல்லை. எழுத்து மட்டுமே எஞ்சுகிறது. ஆதலால் இவ்விரண்டிலும் பண்பாடு என்பது இனிமையாகப் பேசுவதோடு நின்றுவிடுவதில்லை. கேட்பவர் பிழையாகப் பொருள் கொள்ளாதவாறு பேசுவதும் பண்பாடே ஆகும்.

திருக்குறளில் 10ஆம் அதிகாரம் ‘இனியவை கூறல்’. 20ஆம் அதிகாரம் ‘பயனில சொல்லாமை’. பணியிடப் பேச்சுக்கு இவ்விரு தலைப்புகளும் சேர்ந்தே வழிகாட்டுகின்றன.

தொலைபேசியும் முதற்சொல்லும்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டு தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1882ஆம் ஆண்டிலேயே சென்னையில் தொலைபேசி இணைப்பகம் இயங்கத் தொடங்கியது. அழைப்பை எடுத்தவுடன் எச்சொல்லைக் கூறுவது என்னும் கேள்வி அந்நாளிலேயே எழுந்தது. பெல் விரும்பிய சொல் ‘அஹாய்’. தாமஸ் ஆல்வா எடிசன் பரிந்துரைத்த ‘ஹலோ’ என்பதே உலக வழக்கில் நிலைத்தது. எனினும் அலுவலகத்தில் ‘ஹலோ’ மட்டும் போதாது. வணக்கம், நிறுவனத்தின் பெயர், தம் பெயர் ஆகிய மூன்றையும் கூறுதல் வேண்டும். அப்போதுதான் அழைத்தவர், தாம் சரியான இடத்தை அடைந்தோமா என்பதை உடனே அறிவார்.

மும்மொழி வழங்கும் ஊர்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரே அலுவலகத்தில் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் ஒலிப்பதைக் கேட்கலாம். வேலூர், சென்னை, பெங்களூரு ஆகிய நகரங்களோடும் இங்குள்ள தொழில்களுக்குத் தொடர்பு உண்டு. இத்தகைய இடத்தில் இரண்டு செய்திகளில் கருத்தூன்ற வேண்டும்.

முதலாவது, மரியாதை வடிவம். ஆங்கிலத்தில் ‘யூ’ என்னும் ஒரே சொல் அனைவருக்கும் பொருந்தும். தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என்றும், தெலுங்கில் ‘நுவ்வு’, ‘மீரு’ என்றும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு தாய்மொழிக்கு மாறும்போது, வயதில் இளையவராயினும் பணியிடத்தில் ‘நீங்கள்’, ‘மீரு’ என விளிப்பதே முறை. தெலுங்கில் பெயருடன் ‘காரு’ சேர்ப்பதும், தமிழில் ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைப்பதும் இவ்வட்டாரத்தில் இயல்பானவை.

இரண்டாவது, எண்ணும் நாளும். சித்தூர் வட்டாரம் மாம்பழக்கூழ்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. கூழுக்கு மிகுதியும் பயன்படுவது கிளிமூக்கு மாம்பழம். இதனைத் ‘தோதாபுரி’ என்றும் வழங்குவர். பறித்த பழம் நெடுநாள் காத்திராது. 15 டன் வேண்டும் என்னும் செய்தியை ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’ எனக் கூற, மறுமுனையில் அது ‘ஃபிஃப்டி’ எனக் கேட்டால் என்ன ஆகும்? 50 டன் பழம் ஆலை வாயிலில் வந்து நிற்கும். 35 டன் பழம் வெயிலில் கிடந்து அழுகும்; உழவரின் ஓராண்டு உழைப்பு வீணாகும். தமிழில் ‘பதினைந்து’, ‘ஐம்பது’ என்றோ, தெலுங்கில் ‘பதிஹேனு’, ‘யாபை’ என்றோ கூறினால் இம்மயக்கம் எழுவதில்லை.

மாதிரி உரையாடல்

(மாம்பழக்கூழ் ஆலையின் அலுவலர் ஒருவர், தோட்ட உரிமையாளரை அழைக்கிறார்.)

அலுவலர் : வணக்கம் ஐயா. மாம்பழக்கூழ் ஆலையின் கொள்முதல் பிரிவிலிருந்து பேசுகிறேன். இப்போது பேச வசதிப்படுமா?

உரிமையாளர் : வணக்கம் அம்மா. சொல்லுங்கள்.

அலுவலர் : நாளை மறுநாள், அதாவது ஜூன் 18, வியாழக்கிழமை காலை 7 மணிக்குக் கிளிமூக்குப் பழம் தேவைப்படுகிறது. எடை பதினைந்து டன். ஒன்று, ஐந்து, பதினைந்து.

உரிமையாளர் : ஐம்பது இல்லையே?

அலுவலர் : இல்லை ஐயா, பதினைந்துதான். தாங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்ல இயலுமா?

உரிமையாளர் : ஜூன் 18, வியாழக்கிழமை, காலை 7 மணி, பதினைந்து டன்.

அலுவலர் : மிகச் சரி ஐயா. இதனை இன்று மாலைக்குள் மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன். நன்றி.

இவ்வுரையாடலில் அலுவலர் முதலில் தம் பிரிவைக் கூறினார். பேச இசைவு கேட்டார். ‘நாளை மறுநாள்’ என்பதோடு நில்லாமல் தேதியையும் கிழமையையும் சேர்த்தார். எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொன்னார். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்தார். உரிமையாளரும் ஐயம் எழுந்தவுடன் தயங்காமல் கேட்டார். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி அவர் வாளாவிருந்தால் இழப்பு இருவருக்குமே நேர்ந்திருக்கும்.

இடத்தைத் தெளிவாகச் சொல்லுதல்

ஆந்திரப் பிரதேசத்தில் 108 அவசர ஊர்திச் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பெற்றது. அவசர அழைப்பில் இடத்தைச் சரியாகச் சொல்வதைப் பொறுத்தே உதவி விரைந்து வரும். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருக்காளத்தியும் சத்தியவேடும் அப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. பழைய பழக்கத்தால் மாவட்டத்தை மாற்றிச் சொன்னால் கேட்பவர் குழம்புவார். எனவே ஊர், மண்டலம், மாவட்டம், அருகிலுள்ள அடையாளம் என்னும் வரிசையில் சொல்லப் பழகுக. அலுவலக முகவரிக்கும் இதுவே முறை.

மின்னஞ்சல்

ரே டாம்லின்சன் 1971ஆம் ஆண்டு கணினி வலையமைப்பின் வழியே மின்னஞ்சல் அனுப்பினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ‘@’ என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. மின்னஞ்சலில் ‘நகல்’ பெறுவோர்க்கு உரிய ‘சிசி’ என்னும் குறியீடு, தட்டச்சுக் காலத்துக் கார்பன் தாளின் நினைவாக நிற்கிறது.

மாதிரி மின்னஞ்சல்

பொருள் : ஜூன் 18 வியாழன், 15 டன் கிளிமூக்குப் பழம் : உறுதிப்படுத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இன்று தொலைபேசியில் பேசியவாறு, ஜூன் 18, வியாழக்கிழமை காலை 7 மணிக்கு 15 (பதினைந்து) டன் கிளிமூக்குப் பழம் ஆலைக்கு வந்துசேர வேண்டுகிறோம். எடையிடும் முறை பற்றிய குறிப்பை இணைத்துள்ளேன். நாளை மாலை 5 மணிக்குள் தங்கள் ஒப்புதலைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
கொள்முதல் அலுவலர்

பொருள் வரியைப் படித்த அளவிலேயே செய்தி விளங்குகிறது. எண், இலக்கத்திலும் எழுத்திலும் தரப்பட்டுள்ளது. பெறுநர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாக உள்ளது.

மின்னஞ்சல் அனுப்பும் முன் பெறுநர் முகவரியையும் இணைப்பையும் சரிபார்க்க. தேவையற்றவர்க்கு நகல் அனுப்புவதைத் தவிர்க்க. சினத்துடன் எழுதிய மடலை உடனே அனுப்பற்க. பேசிய சொல் மறக்கப்படலாம்; எழுதிய சொல் நிற்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கியுள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

முகம் காணாதவர்க்கும் காலம் உண்டு, உழைப்பு உண்டு, மானம் உண்டு. இவற்றைக் காப்பதே தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய பண்பாடு.

அருஞ்சொற்பொருள்

இணைப்பகம் – தொலைபேசித் தொடர்புகளை இணைக்கும் நிலையம்
கொள்முதல் – விலைக்கு வாங்குதல்
வாளாவிருத்தல் – பேசாதிருத்தல்
விளித்தல் – அழைத்தல்

பயிற்சி

1. தொலைபேசியில் எண்ணைக் கூறும்போது பின்பற்ற வேண்டிய முறைகள் இரண்டினை எழுதுக.

2. ‘ஐயம் எழுந்தவுடன் கேட்பதும் மரியாதையே.’ பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

3. பின்வரும் மின்னஞ்சலைத் திருத்தி எழுதுக:
பொருள் : அவசரம்
‘நாளைக்குக் கூட்டம். எல்லாரும் சீக்கிரம் வந்துவிடு. மறக்காதே.’

4. உங்கள் வீட்டுக்கு வரும் வழியை, ஊர், மண்டலம், மாவட்டம், அடையாளம் என்னும் வரிசையில், தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதுக.

5. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் முகத்தை மற்றவர் காணாதவாறு முதுகு காட்டி அமர்ந்து, மாதிரி உரையாடலைப் பேசிப் பழகுக. எச்சொல் தெளிவாகக் கேட்கவில்லை என்பதைக் குறித்துவைக்க.