தோலுக்கு எந்த எண்ணெய்?

வயல் வேலை செய்பவருக்குக் குதிகால் வெடிக்கிறது. சிமெண்ட் குழைப்பவருக்குக் கை வெடிக்கிறது. பாத்திரம் துலக்குபவருக்கு விரல் இடுக்கு எரிகிறது. வெடிப்பு சிறியதுதான். ஆனால் அதன் வழியே கிருமி உள்ளே போகும். சீழ் பிடிக்கும். நடக்க முடியாது. வேலை போகும், கூலியும் போகும்.

தோல் ஏன் வெடிக்கிறது?

நம் தோலில் ஈரம் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. அந்தப் பசைதான் ஈரத்தைக் காக்கிறது. சோப்பும் சிமெண்டும் பசையை எடுத்துவிடும். ஈரம் வெளியே போகும். தோல் காய்ந்து வெடிக்கும். அதனால்தான் எண்ணெய் தடவுகிறோம்.

இரண்டு வகை எண்ணெய்

ஒரு வகை, செடியும் மரமும் தருவது. கேரளத்தில் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறார்கள். பீகாரிலும் வங்காளத்திலும் கடுகு எண்ணெய் தேய்க்கிறார்கள்.

மற்றொரு வகை, பூமிக்கு அடியில் கிடைக்கும் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் இதிலிருந்தே கிடைக்கின்றன. கடையில் விற்கும் பெட்ரோலியம் ஜெல்லியும் அப்படித்தான்.

இந்த ஜெல்லி முதலில் அமெரிக்காவில் வந்தது. அங்கே எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளில் மெழுகு போன்ற பசை ஒட்டியது. தொழிலாளிகள் அதைக் காயத்தில் தடவினார்கள். 1859-இல் இராபர்ட் செஸ்பரோ என்பவர் அதைக் கவனித்தார். அதைச் சுத்தம் செய்தார். 1872-இல் அதற்கு உரிமம் வாங்கினார். அதுதான் வாசலின்.

எது நல்லது?

ஜெல்லி, பானைக்குப் போட்ட மூடி போன்றது. ஈரத்தை வெளியே விடாது. எளிதில் கெடாது. ஆனால் பிசுபிசுக்கும்.

தேங்காய் எண்ணெயும் ஈரத்தைக் காக்கும். தோலை மென்மையாக்கும். ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். முகப்பரு உள்ளவர்கள் அதை முகத்தில் தடவ வேண்டாம். கடுகு எண்ணெய் சிலருக்கு எரிச்சல் தரும். பிறந்த குழந்தைக்கு அது வேண்டாம்.

‘செடியில் வந்தது எல்லாம் நல்லது’ என்பார்கள். ‘பெட்ரோலில் வந்தது எல்லாம் விஷம்’ என்பார்கள். இரண்டும் சரியல்ல. கச்சா எண்ணெயில் புற்றுநோய் தரும் பொருள்கள் உண்டு. நன்றாகச் சுத்தம் செய்யும்போது அவை நீங்குகின்றன. ஆகவே சுத்தம்தான் முக்கியம்.

மண்ணெண்ணெயையும் வண்டி எண்ணெயையும் தோலில் தடவவே கூடாது. காயத்துக்கும் கூடாது, பேனுக்கும் கூடாது.

எப்படித் தடவுவது?

இரவில் காலைக் கழுவுங்கள். லேசாகத் துடையுங்கள். ஈரம் முழுதும் காயும் முன்பே எண்ணெயோ ஜெல்லியோ தடவுங்கள். மெல்லிய பூச்சு போதும். தினமும் தடவுங்கள்.

தீக்காயம் பட்டவுடன் எதையும் தடவாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

எண்ணெய் பட்ட துணியில் தீ சீக்கிரம் பிடிக்கும். அதோடு அடுப்பருகே போகாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர் காலில் வெடிப்பா? தள்ளிப் போடாதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

வாங்கும் முன் படியுங்கள்

விலை கூடினால் பலன் கூடும் என்பதில்லை. வீட்டில் உள்ள சுத்தமான தேங்காய் எண்ணெயே பலருக்குப் போதும். ஜெல்லி வேண்டுமானால் மருந்துக் கடையில் ‘ஒயிட் சாஃப்ட் பாரஃபின், ஐ.பி.’ என்று கேளுங்கள். ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தர நூலைக் குறிக்கும். டப்பாவில் கடைசித் தேதியைப் பாருங்கள். விலையைப் பாருங்கள். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். படித்த பிறகே காசு கொடுப்போம்.

பதில் சொல்லுங்கள்

1. தோலின் ஈரத்தைக் காப்பது எது?
2. தோலில் தடவவே கூடாத எண்ணெய்கள் எவை?
3. உங்கள் வீட்டில் உள்ள எண்ணெய்ப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது? படித்து எழுதுங்கள்.