ஒரே படம், இரண்டு எழுத்து

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அங்கும் பாறசாலையை ஒட்டிய ஊர்களிலும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. எழுத்தில்லாத பேச்சு இன்னும் எத்தனை தலைமுறை நிற்கும் என்பதே என் கவலை.

பெற்றோர்களே, இதற்கு நான் பரிந்துரைப்பது படப்புத்தகம். சென்னை தூலிகா பதிப்பகம் ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுகிறது. மகாசுவேதா தேவி எழுதி, கன்யிகா கினி படம் வரைந்த மொய்னாவின் கதையை முதலில் வாங்குங்கள். ஆடு மேய்க்கும் பழங்குடிச் சிறுமி, "ஏன்? ஏன்?" என்று கேட்டுக்கேட்டே கல்விக்கு வழி தேடுகிறாள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இரு மொழிகளிலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் நாள் படங்களை மட்டும் காட்டி, பிள்ளையையே கதை சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் அவன் மலையாளத்தில் ஒரு பக்கம் வாசிக்கட்டும். அதே பக்கத்தை நீங்கள் விரல் வைத்துத் தமிழில் வாசியுங்கள். மலையாளத்தில் க, அதன் இனமான மூன்று என நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. 'கல்', 'தங்கம்' இரண்டிலும் அந்த ஓர் எழுத்தே ஒலி மாறி வருவதைக் காட்டுங்கள். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்.

உங்களுக்கே எழுத்து மறந்திருந்தால் கூச்சம் வேண்டாம். பிள்ளையோடு சேர்ந்தே கற்கலாம். தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாசித்து முடித்த புத்தகங்களைச் சங்கக் குடும்பங்கள் தமக்குள் மாற்றிக்கொண்டால் செலவும் குறையும்.