ஏரியில் இறக்கினால் குளம்பு ஆறுமா?

மாடு நொண்டினால் பழவேற்காட்டுப் பக்கம் கேட்கக்கூடிய யோசனை இது: "ஏரித் தண்ணியில கொண்டுபோய் நிறுத்து, உப்பு பட்டா ரெண்டு நாள்ல ஆறிடும்." இதில் கால்பங்கு உண்மை இருக்கிறது, அதனால்தான் இன்னும் பிழைத்திருக்கிறது. உப்பு நீர் சேற்றை இளக்கும், புண்ணைக் கழுவும், சில கிருமிகளை ஓரளவு அடக்கும். ஆனால் புண்ணைக் கழுவுவது ஒன்று, மாட்டை மணிக்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நிறுத்துவது வேறொன்று.

முதலில் அந்த உப்பையே பார்ப்போம். பழவேற்காடு ஏரியின் உப்பு ஒரு நிலையில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தில் உப்பு கரைந்து, சில இடங்களில் கிட்டத்தட்ட ஆற்றுத் தண்ணீராகிவிடும். கோடையில் முகத்துவாரம் மணல் தூர்ந்து கிடந்தால், வெயிலில் வற்றிய இடங்களில் கடலைவிட உப்பு ஏறிவிடும். அளவு தெரியாத ஒன்றை மருந்து என்று எப்படிக் கொடுப்பது? அதிலும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில்தான் குளம்பு அழுகல் கூடும். மருந்து என்று நம்பப்படும் உப்பு ஏரியில் குறைந்திருப்பதும் அதே மாதங்களில்தான்.

உப்பை விடுங்கள், தண்ணீரே இங்கே எதிரி. குளம்பு நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. ஊறினால் மெதுவாகும், மெதுவானது சீக்கிரம் தேயும், முள்ளுக்கும் கல்லுக்கும் இடம் கொடுக்கும். இரண்டு குளம்புகளுக்கு நடுவிலுள்ள தோல் ஊறி வெளுத்துவிட்டால் சின்னக் கீறலிலேயே பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு வழியாக உள்ளே போவது ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோபோரம் என்ற பாக்டீரியா. எங்கிருந்தோ தொற்றி வருவதல்ல அது. மாட்டின் குடலிலேயே குடியிருக்கும். சாணத்தோடு வெளியேறி ஈரச் சேற்றில் காத்துக் கிடக்கும். ஏரிக்கரைச் சேறு அதற்கு வாசலும் திறந்து கொடுக்கிறது: உடைந்த கிளிஞ்சல், சிப்பி ஓட்டின் விளிம்பு, வேலிக்காத்தான் முள், அறுந்த வலையின் நைலான் நரம்பு. நைலான் கணுக்காலில் சுற்றி இறுகினால் வீக்கத்துக்குள் புதைந்துபோய்க் கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால்தான் அகப்படும்.

உப்பின்மேல் நம்பிக்கை உள்ளவர்கள் அதை வாளியில் வைத்துக்கொள்ளட்டும். சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு, பழைய பிரஷ். கழுவி முடித்ததும் குளம்பிடுக்கு வரை பழந்துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த மேட்டில் கட்டுங்கள். அந்தத் துணியும் மேடும் பாதி வைத்தியம். கொட்டிலில் ஈரம் நிற்கிறது என்றால் சாணத்தை வழித்துவிட்டு நீற்றுச் சுண்ணாம்புத் தூளைத் தரையில் லேசாகத் தூவலாம். ஈரத்தை இழுக்கும், கிருமியையும் குறைக்கும். தரையில் மட்டும்தான். சுண்ணாம்பைப் புண்ணிலேயே அப்பினால் சதை வெந்துவிடும்.

காலைத் தூக்கிப் பார்க்காமலே மருந்து போடுவதும் நம்மிடம் ஒரு வழக்கம். மாட்டைச் சவுக்குக் கம்பத்தில் இறுக்கிக் கட்டி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, பின்காலைக் கயிறு போட்டுத் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவியதும், சுவரும் உள்ளங்காலும் சேரும் இடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடுவது தெரியும். குளம்பின் பலவீனமான இடம் அதுதான். அங்கே கறுப்பாக ஒரு புள்ளி இருந்து, கட்டைவிரலால் அழுத்தும்போது மாடு காலை வெடுக்கென்று இழுத்தால், உள்ளே கிளிஞ்சல் துண்டோ மணலோ ஏறிச் சீழ் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். டாக்டர் குளம்புக் கத்தியால் அந்த இடத்தை மட்டும் கிண்ணமாகச் செதுக்கித் திறந்தால், சாம்பல் நிறச் சீழ் பீறிட்டு வரும். மாடு அன்றைக்கே காலை ஊன்றக்கூடப் பார்க்கும். பிறகு நோயில்லாத பக்கத்துக் குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டிவிடுவார்கள். பார்ப்பவர்கள் "நல்ல குளம்புல எதுக்குக் கட்டை?" என்று கேட்பது சகஜம். பாரம் முழுவதும் நல்ல குளம்பில் இறங்கி, புண்பட்டது தரையைத் தொடாமல் ஆறட்டும் என்பதற்காகத்தான். எவ்வளவு உயர்ந்த களிம்பும் இந்தக் கட்டை செய்யும் வேலையைச் செய்யாது.

இடுக்கில் பிளவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீக்கம், மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் என்றால் அது குளம்பு அழுகல். மேல்பூச்சு மட்டும் போதாது, ஆன்டிபயாடிக் ஊசி வேண்டும். முதல் ஓரிரு நாளில் போட்டால் சுலபமாக அடங்கும். மூட்டுக்குள் இறங்கிவிட்டால் மாட்டின் ஆயுளையே தின்னும். ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலைச் சொசைட்டியில் ஊற்றக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்ல மறந்தாலும் நாம் கேட்க மறக்கக் கூடாது.

குளம்பு வெட்டினால் பால் வற்றும், சினை கலையும் என்கிறார்கள். பால் வற்றச் செய்வது வெட்டாத குளம்புதான். குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வளர்கிறது. கல்லும் கரடுமான நிலத்தில் நடக்கும் மாட்டுக்கு அது தானே தேயும். மணலிலும் சேற்றிலும் நடக்கிற, அல்லது வீட்டோரம் கட்டியே கிடக்கிற ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு எங்கே தேயும்? நுனி நீண்டு வளைகிறது. பாரம் பின்னால் சாய்ந்து குதியில் இறங்குகிறது. பின்காலின் வெளிக்குளம்புதான் அதிகம் சுமப்பது, புண்படுவதும் அதுவே. வலிக்கும் மாடு தீவனத்தொட்டிக்கு நடக்க யோசிக்கும், குறைவாகத் தின்னும், பருவத்துக்கு வந்தாலும் காட்டிக்கொள்ளாது. அதன் கணக்குத்தான் பால்கேனில் தெரிகிறது.

ஆண்டுக்கு இரண்டு முறை சீர்செய்தால் போதும். கறவை வற்றவிடும்போது, அதாவது கன்று போட இரண்டு மாதம் இருக்கையில் ஒருமுறை செய்வது நல்லது. பழகிய கையாக இருக்க வேண்டும். கதிர் அரிவாளாலும் உளியாலும் வெட்டி ரத்தம் வரவைத்த கதைகளால்தான் "வெட்டினால் ஆகாது" என்ற பேரே வந்திருக்கும் என்று எனக்கொரு சந்தேகம். உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, அது நெகிழ்ந்து கொடுத்தால் அதற்குமேல் ஒரு சீவல்கூட எடுக்கக் கூடாது. பால் மாட்டுக்கு லாடம் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். லாடம் தார்ச்சாலையில் வண்டி இழுக்கும் காளைக்கு. பசுவுக்கு ஆணி அடிக்க வேண்டிய தேவையே இல்லை.

நொண்டுகிற மாட்டையெல்லாம் கோமாரி என்று முடிவுகட்டி வாசலில் வேப்பிலை செருகுவது அடுத்தது. வேப்பிலை செருகுவதில் தப்பில்லை, அதோடு நிறுத்துவதுதான் தப்பு. கோமாரி வைரஸ் நோய். ஓ, ஏ, ஆசியா-1 என்ற வகைகள் இந்தியாவில் திரிகின்றன. காய்ச்சல் அடிக்கும், வாயில் நூல் நூலாக எச்சில் வடியும், சப்புக்கொட்டும். நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் சில சமயம் மடிக்காம்பிலும் கொப்புளம் எழும்பும். ஒரு மாட்டோடு நிற்காமல் தெருவே படுக்கும். குளம்பு அழுகலில் வாய் சுத்தமாக இருக்கும். பெரும்பாலும் ஒரே காலில்தான் வரும். ஆகவே கால் நோய் என்றாலும் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

"கோமாரி ஊசி போட்டா பால் குறையுது" என்ற புகாரை ஒரேயடியாகப் பொய் என்று தள்ள மாட்டேன். இரண்டு மூன்று நாள் கொஞ்சம் குறையலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம். நோய் வந்த மாடு இழக்கும் பாலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. குணமானபின்னும் பல மாடுகள் பழைய கறவைக்குத் திரும்புவதில்லை. 2013இல் தென்மாநிலங்களில் கோமாரி பரவி மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்ததை மறந்துவிட்டோமா? 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி இலவசம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, அடுத்த மாதம் ஊக்க ஊசி. நிறைமாதச் சினை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாட்டைத் தள்ளிப் பிடித்து அலைக்கழிக்காமல் இருப்பார்கள்.

நோய் வந்த வீட்டில் இன்னொன்று முக்கியம். கன்றை மடியில் ஊட்ட விடாதீர்கள். இந்த வைரஸ் இளங்கன்றின் இதயத் தசையைத் தாக்கும். நேற்று துள்ளிய கன்று இன்று கீழே விழுந்து செத்துக் கிடக்கும். பாலைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். கொட்டிலுக்குள் போய்வந்த செருப்பையும் வாளியையும் லிட்டருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்த தண்ணீரில் கழுவினால் வைரஸ் சாகும். காசு கொடுத்து வாங்கும் பினாயிலைவிட இங்கே அதுதான் உபயோகம்.

படகு இன்ஜின் உள்ள ஊரில் கழிவு ஆயிலுக்குப் பஞ்சமில்லை. புழு வைத்த குளம்பில் அதை ஊற்றுவார்கள். மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட் வரைக்கும் போகிறவர்களும் உண்டு. புழு சாவது உண்மை. கூடவே புதிதாக முளைக்கும் சதையும் சாகிறது. மாடு காலை நக்கும், ஆயிலில் கரைந்த உலோகம் வயிற்றுக்குப் போகும். புழுவை இடுக்கியால் எடுக்க வேண்டும். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயோ சீதாப்பழ இலை விழுதோ வைத்தால் மிச்சம் மீதி வெளியே வரும்.

நாட்டு வைத்தியம் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சிக் காலில் தடவும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். தேசியப் பால்வள வாரியமும் அதைப் பரப்பி வருகிறது. கழுவித் துடைத்த காலில் தடவ வேண்டும். சேற்றின்மேல் பூசினால் சேற்றுக்குத்தான் வைத்தியம்.

காலில் வரும் நோய் சில சமயம் வாயில் தொடங்குகிறது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பொங்கலன்று ஆசையாக ஊட்டும் சர்க்கரைப் பொங்கல், அரிசிக் கஞ்சி என்று ஒரேயடியாக மாவுச்சத்து இறங்கினால் முதல் வயிற்றில் அமிலம் ஏறும். அதன் விளைவாகக் குளம்புக்குள்ளே இருக்கும் மென்திசு வீங்கும். வெளியில் புண்ணே தெரியாது. முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணாடித்துண்டு மேல் நடப்பதுபோல் அடி வைக்கும். உள்ளங்காலில் ரத்தக்கசிவும் புண்ணும் வெளிப்பட மாதம் ஒன்றிரண்டு ஆகிவிடுவதால், சோற்றுக்கும் நொண்டலுக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. வைக்கோலும் பச்சைப் புல்லும் வயிறு நிறைய, சோறு கையளவு. தவிடு, புண்ணாக்கைக்கூட ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து வைக்க வேண்டும்.

கடைசியாக மயில்துத்தம். குளம்புக் குளியலுக்கு நல்ல மருந்துதான். பெரிய பண்ணைகளில் 5 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 50 கிராம் கரைத்துத் தொட்டியில் ஊற்றி மாடுகளை நடக்க விடுகிறார்கள். கை நிறைய அள்ளிப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்கிறவர்கள், அடர்த்தி கூடினால் தோல் எரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சாணம் கலந்த கரைசல் வெறும் நீலத் தண்ணீர். அதற்கு வீரியம் கிடையாது. ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். கண்ணையும் மூச்சையும் எரிக்கும், புற்றுநோய் வரவைக்கும் பொருள் அது.

பண்ணைக்காரருக்கு இல்லாத பிரச்சினை ஒன்று குப்பத்துக்காரருக்கு உண்டு. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மீனுக்கு விஷம். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் அதில் மிகச் சிறிய அளவைக்கூடத் தாங்காது. கொட்டிலில் மிஞ்சிய கரைசலை ஓடையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ ஏரியிலோ ஊற்றினால், அது போய்ச் சேரும் சேற்றில்தான் நண்டும் இறாலும் வளர்கின்றன. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்குத் தொட்டியே தேவையில்லை. கழுவித் துடைத்த குளம்பிடுக்கில் டாக்டர் சொன்ன அளவுக் கரைசலைத் தெளிப்பானால் அடித்தால் ஒரு குவளைகூடச் செலவாகாது, கொட்ட மிச்சமும் இருக்காது. அப்படியும் மீந்தால் தண்ணீரை விட்டும் கிணற்றை விட்டும் தள்ளி, மேட்டு நிலத்தில், ஆடு மேயாத இடமாகப் பார்த்து ஊற்றுங்கள். செம்மறிக்கும் தாமிரம் ஆகாது. காய்ந்த மேட்டில் கட்டி, கழுவி, துடைத்தும் மூன்றாம் நாளில் மாடு காலை ஊன்றவில்லை என்றால் 1962க்கு போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கால் வீங்கி நாற்றமடித்தால் மூன்று நாள்கூடப் பொறுக்க வேண்டாம். எந்தக் கால், எத்தனை நாளாக, வாயில் எச்சில் உண்டா, வீட்டில் வேறு மாடும் நொண்டுகிறதா, இந்த நான்கையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.