ஈஸ்டருக்குள் நடப்பாய் என்றார்கள்

கால் ஒடிந்து படுத்திருப்பவளைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ஜெபம் மூன்றோடும் வருவார்கள். மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தேதியையும் நீட்டினால் வாங்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இடது முட்டிக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு முறை கிழித்துத் தைத்திருக்கிறார்கள்.

2022 மார்ச் மாதம். சோமனூர் பக்கம் கூலிக்கு ஓட்டும் தறிக்காரக் குடும்பம் நாங்கள். அந்த வருஷத்தை எந்தத் தறிக்காரரும் மறந்திருக்க மாட்டார். முந்தின நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. கைக்கு வரவில்லை. ஜனவரி 9 முதல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினார்கள். தறி நின்றாலும் குழுக்கடன் தவணை நிற்குமா? அந்த நெருக்கடியில்தான் மொபெட் மணலில் சறுக்கி விழுந்தேன்.

ஆபரேஷன், இன்சூரன்ஸ் கார்டுக்கு அலைந்தது, தையல் பிரித்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், விட்டுவிடுகிறேன். தகடு வைத்து ஸ்குரூ போட்ட டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: "மூணு மாசத்துக்கு இந்தக் காலைத் தரையில ஊனவே கூடாதுங்க. வாக்கர் புடிச்சு ஒத்தக் கால்லதான்."

உங்கள் வீட்டிலும் ஒரு நாத்தனார் இருப்பார். என் நாத்தனார் வெளியூர் ஊழியக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் கட்டுக்கு மேலேயே எண்ணெய் தடவி, கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்துவிட்டு, "சகோதரி, ஈஸ்டருக்குள்ள நீங்க நடப்பீங்க, வாக்கர் இல்லாம" என்றார். நான் ஆமென் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். குன்னத்தூரிலிருந்து துபாய் வரைக்கும் எனக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஈஸ்டர் ஏப்ரல் 17. டாக்டர் கணக்குக்குப் பாதிதான் ஆகியிருந்தது. அதிகாலை ஆராதனைக்கு ஆட்டோவில் போனோம். சர்ச் வாசலில் வாக்கரை எடுக்கப் போன என் வீட்டுக்காரரிடம், "அது எதுக்குங்கண்ணா? விசுவாசத்தோட வரட்டும்" என்றார் நாத்தனார். வாக்கர் ஆட்டோவிலேயே கிடந்தது. நடு வழியில் நடந்தேன். சுற்றிலும் அல்லேலூயா. பாதி தூரத்தில் முட்டிக்குள் ஏதோ பொசுக்கென்று இறங்கியது எனக்குத் தெரியும். ஆனாலும் பெஞ்சுவரைக்கும் நடந்தேன். அன்றைக்கு என் சாட்சியைக் கேட்டு அழுதவர்கள் உண்டு.

செவ்வாய்க்கிழமை கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் சொருகி, பேனா முனையால் காட்டினார். இரண்டு ஸ்குரூ தகட்டை விட்டுப் பின்னால் வந்திருந்தன. மூட்டின் ஒரு ஓரம் கீழே அமுங்கியிருந்தது. "யார் சொல்லி ஊனுனீங்க?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, முன்னதைவிட நீளமான தகட்டோடு மறு ஆபரேஷன். அதற்கு இன்சூரன்ஸ் போதவில்லை. இரண்டு தறியை இரும்பு விலைக்குப் போட்டோம்.

எல்லாம் என் அவசரத்தால் வந்தது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அவசரம் என்னுடையது இல்லை. அன்று நடக்காமல் இருந்திருந்தால் "அண்ணிக்கு விசுவாசம் பத்தல" என்று ஊரே பேசியிருக்கும். அந்த இடத்தில் எந்த மருமகளும் காலை ஊன்றித்தான் இருப்பாள்.

மறுபடி படுத்தபோது எரேமியா புத்தகத்தை நிதானமாகப் படித்தேன். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். பாபிலோன் சிறையிருப்பு இரண்டே வருஷத்தில் தீரும் என்று ஆலயத்தில், எல்லார் முன்னாலும் தேதி சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறான். அன்றைக்கும் கூட்டம் அல்லேலூயா சொல்லியிருக்கும். உடைந்த மர நுகத்துக்குப் பதிலாகக் கிடைத்தது இரும்பு நுகம். அதைப் படித்தபோது என் நீளத் தகடு ஞாபகம் வந்து, வலியோடு சிரித்தேன். அனனியா அதே வருஷம் செத்துப்போனான் என்றும் எழுதியிருக்கிறது. நம் ஊழியக்காரர் நன்றாக இருக்கட்டும், எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை.

அடுத்த அதிகாரம்தான் எனக்கு மருந்து. எழுபது வருஷம் ஆகும், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று பாபிலோனில் இருக்கிறவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதுகிறார். கடவுளின் வேளையை நம்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும். கதவு எப்போது திறக்கும் என்று நாள் எண்ணுவது அவரை நம்புவதில் சேராது.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றிச் சொன்னார். டோனாவூரில் கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், இருட்டுகிற நேரத்தில், புதிதாக வெட்டிய குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பழையபடி நடமாடவே இல்லை. 1951 ஜனவரியில் சாகும்வரை பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான். அந்தக் கட்டிலில் இருந்தபடியே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தம்மாவுக்குப் புத்தகம், எனக்குக் கூலி பாக்கி. ஆனால் அவருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை என்பது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

கட்டிலைத் தறிக்கூடத்து ஜன்னல் ஓரமாக இழுத்துப் போடச் சொன்னேன். நீங்களும் செய்யுங்கள், கோடிமூலையில் படுக்காதீர்கள். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. படுத்தபடியே எந்தத் தறியில் நாடா சரியாக ஓடவில்லை என்று சத்தத்திலேயே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பழைய கூலி பில்களை மடியில் வைத்துப் பாவு வாரியாகப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்காரர் ஒரே பாவுக்குச் சேதாரம் என்று இரண்டு தரம் பிடித்திருந்தார், அதுவும் ஒரு பாவுக்கு மட்டுமல்ல. கையும் காலும் ஓடுகிற காலத்தில் யார் உட்கார்ந்து பில் பார்த்தோம்? கேட்டோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

இன்னும் இரண்டு விஷயம். டாக்டர் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள், வருகிறவர்களும் படிக்கட்டும். சபையில் சாட்சி சொல்வதை எக்ஸ்ரே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் நாத்தனார் போன் செய்தார். "அண்ணி, அந்த ஐயா மறுபடி நம்ம பக்கம் வர்றாருங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

"வரட்டும் அம்முணி. காபி குடிக்கட்டும், ஜெபம் பண்ணட்டும். தேதி மட்டும் சொல்லாம இருக்கச் சொல்லு."