பேடில் ஷிஃப்டர்: எந்த கியர்பாக்ஸுக்கு எவ்வளவு பயன்?

ஆட்டோமேட்டிக் காரைக் காட்டும்போது விற்பனையாளர் தவறாமல் தொட்டுக் காட்டுவது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடுகளை. வலது பக்கம் பிளஸ், இடது பக்கம் மைனஸ். இந்த பேடில் ஷிஃப்டருக்காகவே மேல் வேரியன்ட்டுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. எல்லா காரிலும் தகடு பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அதை இழுத்தால் பதில் சொல்வது எந்த கியர்பாக்ஸ் என்பதைப் பொறுத்துத்தான் கொடுக்கிற காசுக்குப் பலன்.

இழுத்தால் என்ன நடக்கிறது?

இது பந்தயத்திலிருந்து வந்த சரக்கு. 1989 பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஓட்டிய ஃபெராரி 640, பேடிலோடு இறங்கிய முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. 1997இல் ஃபெராரி எஃப்355 வழியாகச் சாலைக்கும் வந்தது.

தகடு வெறும் சுவிட்ச்தான். நீங்கள் இழுப்பது ஒரு கோரிக்கை. அனுமதிப்பது கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர். 100 கி.மீ. வேகத்தில் முதல் கியர் கேட்டால் இன்ஜின் ஆர்பிஎம் எல்லை மீறும் என்பதால் தராது. 'டி' நிலையில் ஓடும்போது இழுத்தால் கொஞ்ச நேரத்துக்குத்தான் கியர் உங்கள் கையில்; பிறகு தானாக ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். லீவரை 'எம்' அல்லது 'எஸ்' நிலைக்குத் தள்ளினால்தான் பெரும்பாலான கார்களில் நீங்கள் போட்ட கியர் நிற்கும்.

நான்கு வகை, நான்கு குணம்

*டார்க் கன்வர்ட்டர்:* மாருதி பிரெஸ்ஸா, எர்டிகாவின் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் இந்த வகை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஆயில். இழுத்த பிறகு ஒரு சின்னத் தாமதம் தெரியும். ஆனால் குலுக்கல் இருக்காது. நெரிசலில் ஊர்ந்தாலும் அலுக்காது. மலை இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டால் வண்டியை நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

*டிசிடி:* இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்கள் ஒன்றில், இரட்டைப்படை கியர்கள் மற்றொன்றில். மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது தயாராக நிற்கும்; இழுத்தவுடன் மாறும். பேடில் என்ற பெயருக்கு முழு நியாயம் செய்வது இதுதான். சிக்கல் நெரிசலில்: பிரேக்கிலிருந்து காலை எடுத்து எடுத்து ஊர்ந்தால் கிளட்ச் சூடேறும். ட்ரை கிளட்ச் வகையில் இது அதிகம். டாடா நெக்ஸானில் டிசிஏ என்ற பெயரில் வரும் டிசிடி, ஆயிலில் நனையும் வெட் கிளட்ச். சூட்டைக் கூடுதலாகத் தாங்கும்.

ஒரே காரிலும் இந்த வித்தியாசம் உண்டு. 2022இல் வந்த ஸ்கோடா ஸ்லாவியாவில் 1.0 இன்ஜினுக்கு டார்க் கன்வர்ட்டர், 1.5 இன்ஜினுக்கு 7 ஸ்பீடு டிசிடி. பிரோஷரில் 'பேடில் ஷிஃப்டர்' என்ற ஒற்றை வரியைப் பார்த்து முடிவெடுத்தால் இது கண்ணில் படாது.

*சிவிடி:* ஹோண்டா சிட்டி பெட்ரோல் ஆட்டோமேட்டிக் இதற்கு உதாரணம். இரண்டு புல்லிகள், நடுவே ஒரு பெல்ட். நிஜத்தில் கியரே கிடையாது. பேடிலை இழுத்தால் கம்ப்யூட்டர் 7 நிலைகளை உருவாக்கிக் காட்டும். சாய்தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் படி என்று சொல்வதுபோல. வேகமெடுக்க இது பெரிதாக உதவாது. இறக்கத்தில் வேகத்தைப் பிடிக்க உதவும்.

*மின்சார கார்:* இங்கே பேடில் மாற்றுவது பிரேக்கிங்கை. 2023 நெக்ஸான் இவியில் பூஜ்யம் முதல் 3 வரை ரீஜென் அளவைப் பேடிலால் கூட்டிக் குறைக்கலாம். ஹூண்டாய் ஐயோனிக் 5இலும் இதே வேலைதான். அளவைக் கூட்டினால் ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். பேட்டரி நிரம்பியிருந்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்குவது நல்லதல்ல.

மலை இறக்கத்தில்தான் உண்மையான வேலை

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். பலகையில் 9/40 என்று எண் போட்டிருப்பார்கள். முழுக்க பிரேக்கை நம்பி இறங்கினால் பிரேக் பேட் சூடேறி, கருகல் வாடை வந்து, மிதித்தும் பிடி குறையும். கியரை இரண்டாவதில் வைத்தால் இன்ஜின் சத்தம் ஏறும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் பெட்ரோல் செலுத்துவதையே நிறுத்திவிடுகின்றன.

ஒரு நுணுக்கம்: நம் கார்களில் தகடு ஸ்டியரிங்கோடு சேர்ந்தே சுற்றும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பாதிச் சுற்று திரும்பியிருக்கும்போது பிளஸ் இடது பக்கம் வந்திருக்கும். அவசரத்தில் தேடினால் தவறானதை இழுப்போம். வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள். ஆல்ஃபா ரோமியோ ஜூலியா போன்ற சில கார்களில் தகடு ஸ்டியரிங் தண்டில் நிலையாக நிற்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

டெஸ்ட் டிரைவில் பார்க்க வேண்டியவை

- 60 கி.மீ. வேகத்தில் மைனஸை இருமுறை இழுங்கள். இரண்டும் ஏற்கப்படுகிறதா, எவ்வளவு தாமதம்?
- 'டி'யில் இழுத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஆட்டோவுக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். பல கார்களில் பிளஸைப் பிடித்துக்கொண்டே இருந்தால் உடனே திரும்பும்.
- தகடு விரல் நுனிக்கு எட்டுகிறதா? குட்டையான தகடுக்குக் கையை நகர்த்த வேண்டிவரும்.
- மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள். சமதளத்தில் எல்லா பேடிலும் நன்றாகத்தான் இருக்கும்.

யாருக்கு எது?

தினமும் நகர நெரிசலில் அலுவலகம் போய் வருபவருக்கு டார்க் கன்வர்ட்டரோ சிவிடியோ போதும். பேடிலுக்காக வேரியன்ட் ஏற வேண்டாம், அந்தக் காசுக்குக் கூடுதல் பாதுகாப்பு வசதிகள் கிடைக்கிறதா பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டுவதையே ரசிப்பவருக்கு டிசிடி. குடும்பத்தோடு அடிக்கடி மலை ஏறுபவருக்கு டார்க் கன்வர்ட்டரும் பேடிலும் சேர்ந்த கூட்டணி. மின்சார கார் வாங்குபவர் பேடிலைக் கட்டாயப் பட்டியலில் வைக்கலாம். நால்வரில் அதைத் தினமும் தொடப்போவது அவர்தான்.