கமோர்ட்டா ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது?



வாசகரே, இந்தியக் கடற்படையின் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். கமோர்ட்டா 109 மீட்டர் நீளம்தானே, அதைக் கட்டி முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டு ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. கொல்கத்தாவில், ஹூக்ளி கரையில் இருக்கும் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் 2006 நவம்பரில் கீல் வைத்தார்கள். 2010 ஏப்ரலில் தண்ணீரில் இறக்கினார்கள். கடற்படையில் சேர்ந்ததோ 2014 ஆகஸ்டில். தண்ணீரில் இறங்கும்போது கப்பல் பெரும்பாலும் வெறும் கூடுதான். குழாய், கம்பி, ரேடார், ஆயுதம், அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் கணினிகள் எல்லாம் அதன்பிறகே வரும்.

தாமதத்தில் ஒரு பங்கு நிர்வாகத்தின் மெத்தனம். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இன்னொரு பங்கு வேறு மாதிரியானது. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

கமோர்ட்டா நீர்மூழ்கியைத் தேடிப்பிடிக்கிற கப்பல். தேடுவது காதால்தான். ரேடார் அலை கடல்நீருக்குள் போகாது, ஒலியால் தேடும் சோனார்தான் கதி. தன் எஞ்சின் இரைச்சலே காதை அடைத்தால் எதிரியின் ஓசை எங்கே கேட்கும்? அதோடு, அந்த இரைச்சலை வைத்தே நீர்மூழ்கி இந்தக் கப்பலை முதலில் கண்டுகொள்ளும்.

கமோர்ட்டாவில் இருப்பவை நான்கு டீசல் எஞ்சின்கள். டீசல் சிக்கனமானது, நெடுந்தூரம் கொண்டுபோகும்; ஆனால் அதிர்வு அதிகம். அந்த அதிர்வு இரும்புத் தளத்தின் வழியாக அடிப்பகுதிக்குப் போய், அங்கிருந்து கடலில் பரவும். அதனால் இயந்திரத்தை நேராகத் தளத்தில் முடுக்காமல், அதிர்வைத் தாங்கி விழுங்கும் மெத்தைகள் மேல் நிற்கும் தனி மேடையில் ஏற்றினார்கள். சொல்ல எளிது. மேடை அசையும்; ஆனால் அதிலிருந்து கப்பலை உந்தும் சுழலிக்குப் போகும் தண்டு நேர்க்கோட்டை விட்டு விலகக் கூடாது. எரிபொருள் குழாயும் புகைப்போக்கியும் அந்த அசைவுக்கு வளைந்துகொடுக்க வேண்டும். ஒரே ஒரு குழாயை இறுக்கமாகப் பிணைத்துவிட்டால் போதும், சத்தம் அந்த வழியாகவே வெளியேறிவிடும். அடுத்த தொல்லை சுழலி. வேகம் கூடக்கூட இலையின் பின்புறம் அழுத்தம் குறைந்து, நீர் ஆவியாகிக் குமிழிகள் பிறக்கும். அவை உடையும் ஓசை வெகுதூரம் கேட்கும். இலையின் வளைவை எத்தனை முறை திருத்தினாலும் தகும்.

எஃகுக்கும் ஒரு கதை உண்டு. போர்க்கப்பலுக்கான எஃகை முன்பு வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். கமோர்ட்டாவின் உடல் டி.எம்.ஆர். 249ஏ என்ற, அரசு உருக்கு நிறுவனமான செயில் இங்கேயே உருக்கிய எஃகு. இதே வகுப்பின் மூன்றாவது கப்பலான கில்டானில் மேற்கட்டுமானத்தைக் கார்பன் இழைக் கலவையில் அமைத்தார்கள். மேலே எடை குறைந்தால் கப்பல் அலையில் நிலையாக நிற்கும். ஆனால் முன்னோடி இல்லாத பொருளைக் கையாளும்போது வேலை மெல்லத்தான் நகரும். இந்தத் தாமதத்தை நான் மனமார ஏற்கிறேன்.

ஏற்க முடியாதது வேறு. இவ்வளவு பாடுபட்டு அமைதியாக்கிய கப்பலை, நீளக் கயிற்றில் பின்னால் இழுத்துச்செல்லும் சோனார் இல்லாமலே கடற்படையில் சேர்த்தார்கள். வங்கக் கடலில் ஆறுகள் கொட்டும் நன்னீர் மேலே ஓர் அடுக்காக நிற்கும். கீழே உப்பும் குளிரும் மாறும். அடுக்குகளின் எல்லையில் ஒலி வளைந்துபோகும். அடிப்பகுதியில் பொருத்திய சோனாருக்கு எட்டாத நிழலில் நீர்மூழ்கி பதுங்கிவிடலாம். இழுவைச் சோனார் அந்த எல்லைக்கும் கீழே இறங்கிக் கேட்கக்கூடியது. அதைக் கப்பலோடு சேர்த்தே வாங்கியிருக்க வேண்டும். புதிய கப்பல்கள் தொடர்ந்து வருகின்றன: கமோர்ட்டாவைவிடச் சிறிய, கரையோர ஆழங்குறைந்த நீருக்கான நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் ஐ.என்.எஸ். அர்னாலா சென்னைக்கு அருகே நம் காட்டுப்பள்ளியில் உருவாகி, 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்திருக்கிறது. இனி ஒரு கப்பல் சேர்ந்த செய்தியைப் படித்தால், எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதோடு, தளத்தை விட்டுக் கிளம்பியபோது அதில் என்னென்ன பொருத்தப்படவில்லை என்றும் கேளுங்கள்.